அண்ணன் மாட்டிய பழைய பேட்டரி

திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோவிலில் கிடார் வாசித்தவர் என் அண்ணன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். முதலாண்டு நினைவுத் திருப்பலியில் அவருடைய கிடாரை நானே வாசிப்பதாக ஒப்புக்கொண்டேன்.

கிடாரின் ஓசையைக் கரகரப்பாக்கும் அவருடைய பெடல், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவது. உள்ளே கிடந்த பழைய பேட்டரியை எறிந்துவிட்டு, பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைச் செருகினேன். சத்தம் கணீரென்று வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒத்திகை கேட்க வந்த அண்ணி பாதிப் பாட்டிலேயே எழுந்துவிட்டார். "ஏப்பா, இது அவுக வாசிக்கிற மாதிரியே இல்லையே."

பெடலைத் தொட்டால் சுட்டது. பதறிப்போய் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் புது பேட்டரி போட்டேன். நல்லவேளை, பெடல் பிழைத்திருந்தது. ஆனால் அண்ணனுடைய அந்த ஓசை வரவில்லை.

"அவுக எங்க புதுசு போட்டாக? ஃபாதரோட வயர்லெஸ் மைக்குல பவர் கொறஞ்சுருச்சுன்னு கழட்டுனதத்தான் எடுத்துட்டு வருவாக. ட்ராயர்ல அம்புட்டும் அதுதான் கெடக்கு" என்றார் அண்ணி.

அதில் ஒன்றை மாட்டினேன். வோல்ட் இறங்கிய பேட்டரியில் ஓசை தணிந்து, லேசாகக் கம்மி, அண்ணனுடையதாகவே வந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போதெல்லாம் பெடலில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்க்காமல் எந்த அடாப்டரையும் செருகுவதில்லை. மைக்கில் கழற்றிய பேட்டரிகளை நானும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அண்ணன் சேர்த்து வைத்ததில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை மட்டும் மாட்ட மனம் வரவில்லை.