ஏட்டையாவின் வயர்

"எங்கன ஒளிச்சு வச்சிருக்க? மரியாதையா சொல்லிரு."

டிவியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிமோட்டால் அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறார் சிவசைலம். திரையில் 'நோ சிக்னல்' என்று மிதக்கிறது. காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப்பை டிவியோடு இணைப்பது அவருக்கு ஒரு விசாரணை.

மேலகரத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் அவருக்கு ஓய்வில்லை. லாட்ஜில் தங்கி ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், லேப்டாப்பை அறை டிவியில் மாட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டபடி இருப்பார்கள். "அருவிக்கு வந்துட்டு குளிக்காம இருக்கவன் எல்லாம் சந்தேகக் கேஸு" என்பார். ஆனால் போவார். இரண்டையும் இணைக்கும் வயரைச் சட்டைக்குள் மாலையாகப் போட்டிருப்பார். அதை எடுத்த எடுப்பில் வெளியே எடுக்க மாட்டார். "மொதல்ல வயர் இல்லாம தன்மையா கேக்கணும். மசியலைன்னாத்தான் வயரு."

போன ஞாயிறு கடையநல்லூருக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே வேலை பார்த்த காலத்தில் பழகிய நஸீபா வீட்டில் மகள் பாஹிமாவுக்கு நிக்காஹ். தகப்பனார் கிதிர் முகம்மதுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை; லீவு கிடைக்கவில்லை.

"போனுல தலை மட்டுந்தான் தெரியுது ஏட்டையா. அத்தாவ முழுசாப் பாக்கணும்னு புள்ள அழுதா" என்றார் நஸீபா. எதிர்வீட்டு நூர்நிஷாவின் லேப்டாப்பை இரவல் வாங்கி வைத்திருந்தார்.

சிவசைலம் தன்மையாகவே ஆரம்பித்தார். வயரில்லாமல் எதையெதையோ அமுக்கினார். லேப்டாப் 'இணைக்கப்பட்டது' என்றது. டிவி அசையவில்லை. அதுவரை லேப்டாப்பில் கேட்டுக்கொண்டிருந்த கிதிர் முகம்மதின் குரலும் நின்றுவிட்டது. நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த அசரத் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது நூர்நிஷா தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "ஏ நஸீபா! பாஹிமா அத்தா எங்க வீட்டு டிவில வந்து நிக்காவ! எல்லாரும் சாப்பிட்டீளான்னு கேக்காவ! வீட்டுல நான் ஒருத்திதான். சாப்பிட்டோம்னு சொல்லிட்டு வாரேன்!"

சிவசைலம் கலங்கவில்லை. "கம்ப்யூட்டர் அவுகளுதுல்லா? பழகுன டிவிக்கு ஓடிருக்கு. தப்பிச்ச ஆளு மொதல்ல சொந்த வீட்டுக்குத்தான் போவான்."

சட்டைக்குள்ளிருந்து வயரை உருவினார்.

செருகியதும் படம் வந்தது. கையை எடுத்ததும் போனது. டிவியின் பின்னாலிருந்த துளை தளர்ந்திருந்தது. காகிதம் மடித்து வைத்தார், நிற்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் படம் நின்றது. ஒரு கணம் யோசித்தார். பிறகு மேசைக்கும் சுவருக்கும் இடையில் தன் தொந்தியை நுழைத்துக்கொண்டு, கன்னம் சுவரில் ஒட்ட, வலது கையால் வயரை அழுத்திப் பிடித்தார்.

"ஆரம்பிங்க" என்றது டிவிக்குப் பின்னாலிருந்து குரல்.

கிதிர் முகம்மது போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். மேலே புதுச் சட்டை, தொப்பி. கீழே வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ். மாற்ற நேரமில்லை போலிருக்கிறது. காலையிலிருந்து தலைநிமிராத பாஹிமா பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். அங்கே அவரும் கண்ணைத் துடைத்தார்.

"படம் வருதா?" என்று சுவரைக் கேட்டார் சிவசைலம்.

"வருது ஏட்டையா."

"கலரு?"

"கலரும் வருது."

நாற்பது நிமிடம். நடுவில் யாரோ மாற்றிப் பிடிக்க வந்தார்கள். "கை மாறுனா போயிரும், தள்ளுங்க" என்று விரட்டிவிட்டார். கழுத்தில் வியர்வை வழிந்தது. துஆ ஓதி முடித்து, எல்லோரும் கட்டித் தழுவி வாழ்த்துச் சொன்ன பிறகு, கிதிர் முகம்மது கேட்டார்.

"நஸீபா, இந்தக் கனெக்ஷன் குடுத்தது யாரு? அவுகளுக்கு என் சலாத்தச் சொல்லு."

மேசைக்குப் பின்னால் ஓர் அசைவு. சிவசைலம் குதிகால்களைச் சேர்த்தார். வயரைப் பிடித்திருந்த வலது கை நகரவில்லை. இடது கையை விறைப்பாகத் தூக்கி, சுவருக்கு ஒரு சல்யூட் அடித்தார்.