அரசாங்கம் என்று சொல்லாமல் ஒரு பட்டிமன்றம்

மழையில் நனைந்த கம்பளிச் சட்டையின் மணமும் வடை பொரித்த எண்ணெயின் மணமும் ஒன்றாய்க் கலந்தால் எப்படியிருக்குமோ, அதுதான் எனக்கு அணுவாயுதக் கொள்கையின் மணம். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில், ஓக்லண்டில் அப்போதிருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் மனுரேவாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும்போது, கதவைத் திறந்ததும் அந்த மணம்தான் மூக்கில் அடிக்கும். அந்த மண்டபத்தில்தான், பன்னிரண்டு வயதில், நான் நியூசிலாந்தின் வெளிநாட்டுக் கொள்கையை ஒரு கை பார்த்தேன்.

அந்த நாட்களில் நாடு முழுவதும் கப்பல் கதைதான். அணுகுண்டு இருக்கிறதா இல்லையா என்று வாய் திறக்க மறுக்கிற அமெரிக்கப் போர்க்கப்பலை எங்கள் துறைமுகத்துக்குள் விடலாமா, விடாமல் பெரியவனைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு ஓர் ஆபத்துக்கு யார் வருவார் என்று பஸ்ஸிலும், டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடையிலும், பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலிலும் சண்டை. அரசாங்கம் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டது, அதனால் சண்டை இன்னும் கூடியது. எங்கள் வீட்டில் அப்பா, விரி என்கிற புறநகரில் ஒரு கிடங்கில் வேலை முடித்து வந்து கையைக் கழுவியதும், சாப்பாட்டு மேசையையே பசிபிக் சமுத்திரமாக்கிவிடுவார்: பருப்புச் சட்டி அமெரிக்கா, ஊறுகாய்ப் போத்தல் சோவியத், நடுவில் உடைந்து கிடக்கும் இரண்டு பப்படத் துண்டுகள் நாங்கள். அவர் கடற்படையை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே அம்மா சோவியத்தைத் திறந்து தன் சோற்றில் போட்டுக்கொண்டு, "ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்பார்.

இந்தச் சூட்டில்தான் எங்கள் ஒன்றுகூடலில் பட்டிமன்றம் வைப்பது என்று முடிவானது. தலைப்பு: நாட்டைக் காப்பது வல்லரசின் கப்பலா, கப்பலில்லாத கடலா? நடுவர், டெய்ரி வைத்திருந்த ராமநாதன் மாமா. மதுரைப் பக்கத்துக்காரர், நாங்கள் எல்லோரும் "ஓம்" என்கிற இடத்தில் ஒற்றை ஆளாக "ஆமா" என்பார். எந்தக் கட்சிக்கு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்தது கப்பல் கட்சி. அதாவது, அரசாங்கம் செய்தது பிழை என்று மேடையேறிச் சொல்ல வேண்டிய கட்சி. எனக்கோ நிலைகொள்ளவில்லை, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை நீட்டி நீட்டி அமெரிக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முகம் அன்றைக்கே கறுத்துவிட்டது. அம்மாவின் தம்பி குகன் மாமா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். வீதியில் போகிற இளம் "பெடியன்களை" இலங்கை ஆமி அள்ளிக்கொண்டு போன காலம் அது, மாமாவையும் ஒருமுறை கொண்டுபோய், எப்படியோ திருப்பி விட்டிருந்தார்கள். அவரை இங்கே கூப்பிட விண்ணப்பித்துவிட்டு, விசா வருமா வராதா என்று அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த விசாவைக் கொடுக்கப்போகிற அரசாங்கத்தைத்தான் நான் மேடையில் ஏறிக் கிழிக்கப்போகிறேன்.

பட்டிமன்றத்தில் கதைக்கிறது கட்சிக்காக, மனதில் இருப்பதை அல்ல, அது ஆருக்கும் தெரியும்தானே என்று அப்பா சமாதானம் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியும். கேட்டு எழுதிக்கொண்டு போய்க் குடுக்கிறவனுக்குத் தெரியுமோ?" என்றார் அம்மா.

கடைசியில், நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததில், ஒரு உடன்படிக்கை வந்தது: நான் பேசலாம், ஆனால் "அரசாங்கம்" என்ற சொல் என் வாயில் வரக்கூடாது, பிரதமர் கூடாது, மந்திரி கூடாது. பாதுகாப்புக் கொள்கையைப் பற்றி அரசாங்கம் என்று சொல்லாமல் பேசுவது எப்படி என்று உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையாவது மண்டையை உடைத்திருக்குமா தெரியாது. நான் அரசாங்கத்தை "வீட்டுக்காரர்" ஆக்கினேன், அமெரிக்காவைத் தடியோடு வரும் பக்கத்து வீட்டு அண்ணன் ஆக்கினேன், கடலை வேலியாக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "ம், இது பரவாயில்லை" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. கப்பலில்லாத கடல் கட்சி முதலில் பேசி, மண்டபம் அதிரக் கைதட்டு வாங்கியது. பிறகு எங்கள் கட்சித் தலைவர் சிவம் அண்ணை எழுந்தார். நகரத்தின் மறுகோடி ஹென்டர்சனில் இருந்து கார் ஓட்டி வந்த மனிதர், குரல் வெண்கலம். அவர் வீட்டுக்காரர், வேலி என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், அரசாங்கத்துக்கு மூளை உண்டா என்று எடுத்த எடுப்பில் கேட்டார். நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்கதவு திறந்தது, மழைக்கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஒரு தாளை விரித்துப் பென்சிலால் எழுதத் தொடங்கினார்.

அவ்வளவுதான். வரிசை வரிசையாக முதுகுகள் நிமிர்ந்தன, குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். சிவம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எண்டாலும், எங்கட அரசாங்கம் எடுத்தது பொன்னான முடிவு" என்றார். தன் கட்சியையே குழிதோண்டிப் புதைத்துவிட்டு, நாட்டுக்கும் மகாராணிக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். வந்திருப்பவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதே என்ற நினைப்பு அந்த மண்டபத்தில் ஒரு சீவனுக்கும் வரவில்லை. நாங்கள் விட்டு வந்த ஊரில் எந்த மொழியில் பேசினாலும் எழுதிக்கொண்டு போகிறவனுக்குச் செய்தி எப்படியும் போய்ச் சேரும், அந்தப் பழக்கம் எங்களோடு விமானமேறி வந்திருந்தது.

நடுவர் என் பெயரைக் கூப்பிட்டார். அம்மா இரண்டாவது வரிசையில் இருந்து வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம்! பெரிய மனிதர், எங்கள் தலைவர், இப்படிக் காலை வாரிவிட்டாரே என்று. மேடையில் ஏறினேன். வீட்டுக்காரரில்தான் தொடங்கினேன், சத்தியமாக. ஆனால் பாதி வழியில் சூடேறி, வேலியும் அண்ணனும் எங்கே போனார்களோ, "இந்த அரசாங்கம் பிழை விட்டிட்டுது! அமெரிக்காவைப் பகைச்சது பிழை!" என்று கத்திவிட்டேன்.

கடைசி வரிசைக்காரர் கையை உயர்த்தினார்.

அமெரிக்கா என்ற பெயர் காதில் விழுந்ததே, நீங்களும் கப்பலைப் பற்றியா சண்டை போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ராமநாதன் மாமா வியர்த்து விறுவிறுத்து, இது வெறும் குழந்தைகள் நிகழ்ச்சி, இங்கே எல்லோருக்கும் அரசாங்கத்தின் மேல் ரொம்பத் திருப்தி என்றார். எனக்குத் திருப்தி இல்லை என்றார் வெள்ளைக்காரர். அவர் பள்ளிக்கூடத்தின் காவலாளி, பெயர் ரொன். மண்டபத்தைப் பூட்ட வந்தவர், நாங்கள் முடிக்கும்வரை பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினரோடு ஒரே தீவில் கிடந்தவர். இந்த அரசாங்கம் நன்றிகெட்ட முட்டாள்களின் கூட்டம் என்று சொல்லிவிட்டு, பிரதமரைப் பற்றி நான் இங்கே எழுத முடியாத ஒன்றையும் சொன்னார். எங்களுக்கு மட்டும் கேட்கும்படியாக அல்ல, தெருவுக்கே கேட்கும்படியாக.

அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார். அவரைப் பிடிக்க யாரும் வரவில்லை. மெல்ல எழுந்து, மேடையில் நின்ற என்னிடம் கேட்டார். "இவர் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவரோ எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். அரசாங்கப் பள்ளிக்கூடம், வேறு யார் தருவார் என்றார் ரொன்.

"அப்ப இவருக்குப் பயமில்லையோ எண்டு கேள்."

அதையும் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, "எதற்குப் பயம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அம்மாவுக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கிவிட்டது. சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார், பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். எந்தச் சபையிலும் வாய் திறக்காத என் அம்மா!

"உவர் சொல்றது பிழை எண்டு சொல்லு" என்று தொடங்கினார். பெரிய நாட்டோடு நட்பு வேணும், ஆயுதம் வேணும், அப்பத்தான் சனத்துக்குப் பாதுகாப்பு எண்டு எங்கட ஊரிலயும் சொன்னவை. வந்த ஆயுதம் எல்லாம் எங்கட ஒழுங்கைக்கு, எங்கட வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. கப்பலை உள்ள விட முதல், பிள்ளை பெத்தவளிட்ட ஒருக்கால் கேக்க வேணும். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ரொன் மறுத்தார், ரொன் மறுக்க மறுக்க அம்மா உயர்ந்தார், அப்பா கதிரையில் ஏறி நின்று கைதட்டினார், சிவம் அண்ணை வெட்கமில்லாமல் மறுபடி கட்சி மாறினார். என் கட்சி படுதோல்வி. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல! மண்டபத்தைப் பூட்ட வந்தவர் பூட்டவே மறந்து, கடைசியில் வடை கட்டிக்கொண்டு போனார்.

அந்த மண்டபம் இப்போது இல்லை, ராமநாதன் மாமாவும் இல்லை. எங்கள் பட்டிமன்றங்கள் ஒலிவாங்கியும் விளக்கும் வைத்து, கணவனா மனைவியா என்று சிரிப்புக் காட்டுகின்றன. நாட்டுப் பாதுகாப்பை யாரும் தலைப்பாக வைப்பதில்லை, என் பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். போனவற்றில் ஒன்றுக்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை. அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் "பாத்துக் கதை" என்று சொன்னதேயில்லை. இன்றைக்கும் செய்தி பார்த்துக்கொண்டு மந்திரிகளைத் திட்டுகிற திட்டு அடுத்த வீடுவரை கேட்கும்.

குகன் மாமாவுக்கு விசா வந்தது, ஆனால் சுணங்கி வந்தது. அதற்குள் அவரை இன்னொரு முறை பிடித்துக்கொண்டு போய் நெடுநாள் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. இப்போது அவர் இந்த நாட்டுக் குடிமகன், பேரப்பிள்ளை கண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தேர்தல் கதை வந்தால் ஆசையாக வாய் திறப்பார், பாதி வசனத்தில் குரல் இறங்கிவிடும். "தம்பி, சத்தமாக் கதை" என்பார் அம்மா. "ஓம் அக்கா" என்று சொல்லி மாமா எழும்புவார், போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, சத்தமாகக் கதைப்பார்.