பத்து டயர், பதினாறு பொத்தான்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. 'ரூஹெட்சைட்', அதாவது அமைதி நேரம். போன மாதம் என் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "ஞாயிறன்று தச்சு வேலை வேண்டாம்." கீழ் வீட்டு இங்கிரிட் அம்மாள் எழுதியது. நான் எந்தத் தச்சு வேலையும் செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் விரலால் ஹிப்ஹாப் பீட் தட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தட்டாமல் என்ன செய்வது? சேலம் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை இர்ஃபான். கல்லூரியிலிருந்தே அவன் ராப் எழுதுவான், நான் பீட் போடுவேன். அடுத்த மாதம் வாழப்பாடியில் அவனுக்கு முதல் மேடை. லேப்டாப் மென்பொருளில் மவுஸால் கட்டம் கட்டமாக அழுத்தி நான் அனுப்பிய பீட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நிக்குது, நடக்க மாட்டேங்குது. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற ஆள் பீட்ட எடுத்துக்கறேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹாம்புர்க்குக்கு வந்து இரண்டு வருஷத்தில் என் கை செத்துவிட்டதா?

விரலால் தட்டும் கருவி வாங்குவது என்று கிளம்பினேன். கடையில் ரப்பர் பொத்தான்கள் பதினாறு வைத்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். நான் முதலில் செய்த காரியம், காதைச் சாய்த்து, ஒவ்வொரு பொத்தானையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது. "இன்னும் கரண்ட் போடவில்லையே" என்றார் கடைக்காரர். "தெரியும்" என்றேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய்ப் பெட்டி பிரிக்காத இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதையும் தட்டினேன். மூன்றாவதும் வந்தது. என்னைப் பெரிய வித்வான் என்று நினைத்துவிட்டார் பாவம்.

லாரிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வேறென்ன வரும்? புதுச்சத்திரத்தில் அப்பா வண்டி எடுக்குமுன் இரும்புக் கம்பியோடு லாரியை ஒரு சுற்று வருவார். பத்து டயரையும் அடித்து, சத்தத்தை வைத்தே காற்று பார்ப்பார். பள்ளி விடுமுறையில் நானும் பின்னாலேயே போய் முட்டியால் தட்டுவேன்.

வீட்டுக்கு வந்து கருவியில் தட்டினால், இர்ஃபான் சொன்ன அதே 'நிக்குது'. விரல் பிந்தினாலும் முந்தினாலும் கருவியே இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்திவிடுகிறது. அந்த வசதியைத் தேடிப்பிடித்து ஆஃப் செய்தேன். ஆனாலும் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான டிரம் சத்தங்களில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏனுங்கப்பா, டயரெல்லாம் ஒருக்கா தட்டிக் காமிங்களேன்."

"ஏஞ்சாமி, வண்டிய விக்கவா போறோம்?" என்று சிரித்தபடியே கம்பியை எடுத்தார். டப், டப், டப். உள் டயருக்குக் குனியும்போது அரை நொடி தாமதம். கடைசி உள் டயர் மட்டும் 'தொப்' என்றது. "இதுல காத்து எறங்கியிருக்குது பாரு. லோடு ஏத்தறதுக்குள்ள அடிக்கோணும்."

"அடிச்சிராதீங்கப்பா! முதல்ல நான் பதிவு பண்ணிக்கறேன்!"

பதிவை லேப்டாப்பில் துண்டு துண்டாக நறுக்கினேன்; பத்துப் பொத்தானில் பத்து டயர். அப்பா குனிந்த தாமதத்தோடு அப்படியே தட்டினேன். அந்தத் 'தொப்' வந்து விழுந்த இடத்தில் பீட் எழுந்து நடந்தது! ஹெட்போனோடு நான் குதித்த குதியில், கீழிருந்து இங்கிரிட் அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். சத்தியமாகத் தாளத்தில்தான் இடித்தார். போனைத் தரையில் வைத்து, வேண்டுமென்றே இன்னொரு முறை குதித்தேன். அவர் இடித்ததைப் பிடித்துப் பதினோராவது பொத்தானில் போட்டேன்.

அனுப்பிய பத்தே நிமிஷத்தில் இர்ஃபானின் பதில் வந்தது: "நடக்குதுடி! ஓடுது! இதான் மேடைக்கு!"

அடுத்த மாதம் வாழப்பாடி ஸ்பீக்கரில், அப்பாவின் பத்து டயருக்குப் பின்னால், சத்தம் போடாதே என்று இங்கிரிட் அம்மாள் இடிப்பது ஊருக்கே கேட்கும். அன்றைக்கு ஞாயிறு. நான் இங்கே இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு, சத்தமே வராமல் ஆடிக்கொண்டிருப்பேன்.