சூரியன் தெரியாத திசை

எங்கள் வகுப்புக்குக் கிடைக்கவேண்டிய மிருகக்காட்சிச் சாலைப் பயணம் என்னால்தான் கைநழுவிப் போனது என்று இருபத்தேழு பிள்ளைகள் மூன்று நாட்கள் நம்பினார்கள். அந்த இருபத்தேழு பேரில் நானும் ஒருத்தி.

எண்பத்தாறாம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. ஜேர்மனியில் ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தோம். அகதிகளுக்கென்று ஒதுக்கிய அந்த மூன்று மாடிக் கட்டடத்தை டொச்சுக்காரர்கள் ஹைம் என்றார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். சமைக்க மாடிக்கு ஒரு குசினி. எங்கள் மாடியில் குடும்பம் என்று இருந்தது அப்பா, அம்மா, நான் மட்டும். மற்ற அறைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்த இளைஞர்கள். அவர்கள் எல்லோரும் எனக்கு அண்ணைமார்.

அப்பா ஊரில் மேசன். அவர் கட்டிய வீடுகள் எங்கள் பக்கத்தில் முப்பதுக்கு மேல் இருந்தன. இங்கே அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. ஆகவே ஹைமின் படிக்கட்டில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரின் பூச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். குறை கண்டுபிடிக்க முடியாத நாட்களில் அவருக்குக் கொஞ்சம் சோர்வாக இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு இரண்டு பிரிவு. வசந்த காலத்தில் இரண்டுக்கும் இடையே பொது அறிவுப் போட்டி நடக்கும். வெல்கிற வகுப்பு கொலோன் நகரத்து மிருகக்காட்சிச் சாலைக்குப் போகும். எங்கள் ரீச்சர் மூன்று பேரைத் தெரிவு செய்தார்: சபீனா, கண்ணாடி போட்ட ஒரு பையன், நான். நான் எதற்கும் பதறாத பிள்ளை என்று அவர் வகுப்பில் காரணம் சொன்னார். பதறுவதற்குப் போதிய டொச் மொழி என்னிடம் இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

கேள்விகள் சமையல், வீதி, உடம்பு, மிருகங்கள், காலநிலை, கைத்தொழில் என்று எதிலிருந்தும் வரலாம் என்றார். அன்று பின்னேரம் குசினியில் இதைச் சொன்னேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எதிலையிருந்தும் எண்டால், எல்லாத்தையும் படிக்கத்தானே வேணும்.”

அடுத்த பத்து நாட்கள் எங்கள் மாடியில் வேறு பேச்சே இல்லை. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணை, குழாயில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார். மீன்பிடிக்கப் போன அண்ணை செதில் இல்லாத மீன்களின் பெயர்களை ஒப்புவித்தார். உயிரியல் படிப்பைப் பாதியில் விட்ட அண்ணை உடம்பில் இருநூற்றாறு எலும்பு என்றார். நண்டுக்கு எட்டுக் காலா பத்துக் காலா என்பதில் கடைசி இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம் வந்து, ஒருநாள் முழுக்க முகம் பாராமல் இருந்தார்கள். “காலோ கையோ, கறிக்குள்ளை விழுந்தால் எல்லாம் ஒண்டுதான்” என்று அம்மா சொல்லி முடித்துவைத்தார். அம்மா எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: கோழி இருபத்தொரு நாள் அடை கிடக்கும்.

அப்பா வீடுகளைப் பற்றிச் சொன்னார். சுண்ணாம்பு எத்தனை நாள் நீரில் ஊறவேண்டும், மூலை மட்டம் எப்படிப் பார்ப்பது, சன்னல் எந்தப் பக்கம் வைப்பது. “வடக்குப் பக்கத் தாவாரத்தை நீட்டி விடவேணும் பிள்ளை. சித்திரை பிறந்தால் ஆவணி நடு மட்டுக்கும் மத்தியான வெயில் வடக்காலைதான் உள்ளுக்கு வரும்.” இதெல்லாம் எந்தப் போட்டியிலும் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

போட்டி பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. அதிபர் கையில் ஒரு மணியோடு கேள்விகளை வாசித்தார். இரண்டு வகுப்புக்கும் மாறி மாறிக் கேள்வி. முறை வருகிற பிள்ளை தனியாக விடை சொல்லவேண்டும். எனக்கு வந்த முதல் கேள்வியே சைக்கிள் குழாய். ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பாய்? தண்ணீருக்குள் அமிழ்த்துவேன் என்றேன். பிறகு? குமிழிக்கு டொச்சில் என்ன சொல் என்று தெரியவில்லை. கன்னங்களை ஊதி, ‘ப்ளப், ப்ளப்’ என்று சத்தம் போட்டேன். மண்டபம் சிரித்தது. அதிபரும் சிரித்துவிட்டு மணியை அடித்தார். அடுத்தது என்னிடம் வந்தபோது, நம்பமாட்டீர்கள், கோழி. இருபத்தொன்று என்று அவர் கேள்வியை முடிக்கமுன்னரே சொன்னேன். கறுப்புப் பாண் எந்த மாவில் செய்வது என்பதைச் சபீனா சொன்னாள். வீதிக் குறிகள் எல்லாம் கண்ணாடிப் பையனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முடிவில் புள்ளிகள் சமம். கடைசிக் கேள்வி எங்களுக்கு, முறை என்னுடையது. நான் தவறினால் கேள்வி மற்ற வகுப்புக்குப் போகும்.

“சூரியன் ஒருபோதும் தெரியாத திசை எது?” என்று கேட்டார் அதிபர்.

சபீனா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் திசைகளைப் பற்றிய ஒரு பாட்டை மூன்றாம் வகுப்பிலேயே பாடமாக்கியிருந்தார்கள். நான் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. எனக்கு அது சூழ்ச்சியான கேள்வியாகப் பட்டது. கிழக்கில் உதிக்கிறது, மேற்கில் மறைகிறது. தெற்கில் நிற்பதை இங்கே தினமும் பார்க்கிறேன். வடக்கில் நிற்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏமாறக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்:

“அப்படி ஒரு திசை இல்லை.”

மண்டபம் இரண்டாவது தடவை சிரித்தது. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. மற்ற வகுப்புப் பிள்ளைகள் மூவரும் ஒரே குரலில் “வடக்கு!” என்று கத்தினார்கள். அவர்களுடைய வகுப்பு முழுவதும் கதிரைகளில் ஏறி நின்றது.

“இதுகூடவா உனக்குத் தெரியாது?” என்று சபீனா கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்துபோய்க் கேட்டாள். பிறகு அழுதாள். அவளுக்கு ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க அவ்வளவு ஆசை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஆனால் ஹைமில் ஒருவரிடம் மட்டும் சொல்லக்கூடிய விடயம் எதுவும் கிடையாது. அப்பா குசினி வாசலில் நின்றார்.

“வடக்கெண்டோ சொன்னவை?”

“ஓம் அப்பா.”

“ஒருநாளும் தெரியாதெண்டோ?”

“ஓம்.”

அப்பா உள்ளே வந்தார். “நாளைக்கு நான் பள்ளிக்கூடம் வாறன்” என்றார்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?” என்றார் அம்மா. “சின்னப் பிள்ளையளின்ரை போட்டிக்கு ஆரும் போய் வழக்காடுவினமோ?”

“வழக்காடப் போகேல்லை. உள்ளதைச் சொல்லப் போறன்.”

அப்பா அதுவரை எந்த அலுவலகத்திலும் குரலை உயர்த்தியவர் அல்லர். எவரோ ஏதோ தாளை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்து வெளியே வருவார். அவருக்கா இப்படி ஒரு வேகம் என்று அம்மாவுக்கே ஆச்சரியம். நான் அன்றிரவு காய்ச்சல் வரவேண்டும் என்று கடவுளைக் கேட்டேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை, ஆனால் மழை வந்து ஒரு நாள் தள்ளிப்போனது. மூன்றாம் நாள் அப்பா தன்னுடைய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

ரீச்சர் மட்டும் உள்ளே இருந்தார். அப்பா என்னை முன்னால் விட்டார்.

“வடிவாச் சொல்லு பிள்ளை. பிள்ளை சொன்னது சரி, கேள்விதான் பிழை எண்டு சொல்லு. நான் முப்பது வீடு கட்டினவன், வெயில் எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு எனக்குத் தெரியும் எண்டு சொல்லு.”

நான் ரீச்சரிடம், “அப்பா உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்” என்றேன்.

ரீச்சர் சிரித்து வணக்கம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். “நான் சொன்னது நீளமெல்லோ? நீ ஏன் ஒரு சொல்லோடை நிப்பாட்டினனீ?”

வேறு வழியில்லாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். கேள்வி பிழை என்ற இடத்தில் மட்டும், “பிழையாக இருக்கலாமா என்று பணிவாகக் கேட்கிறார்” என்று சேர்த்துக்கொண்டேன்.

ரீச்சர் பொறுமையானவர். சூரியன் வடக்கில் வராது என்றும், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றும் மெதுவாக விளக்கினார். அப்பா அலுமாரியின் மேலே இருந்த பூகோள உருண்டையைக் கைகாட்டினார். ரீச்சர் அதை இறக்கி மேசையில் வைத்தார். அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்தார். பிள்ளைகள் உருவம் செய்கிற களிமண்ணில் ஒரு துளி கிள்ளி, தீக்குச்சியை எங்கள் நாட்டின் தலைப்பக்கத்தில் நிமிர்த்தி ஒட்டினார். நாடு முழுவதும் களிமண்ணுக்குக் கீழே போய்விட்டது.

படம் காட்டுகிற இயந்திரத்தின் விளக்கை ரீச்சர் போட்டார். அதுதான் சூரியன். தீக்குச்சியின் நிழல் வடக்கே விழுந்தது. அப்படியென்றால் சூரியன் தெற்கே.

“பாருங்கள்” என்றார் ரீச்சர்.

அப்பா உருண்டையைச் சுழற்றிப் பார்த்தார். எப்படிச் சுழற்றினாலும் நிழல் வடக்கே. அவருடைய நெற்றி வியர்த்துவிட்டது. வெயிலைத் தெரியுமே தவிர, அவர் உருண்டையைத் தொட்டுப் பழகியவர் அல்லர். வாருங்கள் போவோம் என்று அவருடைய கோட்டை மெல்ல இழுத்தேன்.

அந்த இடத்தில் ரீச்சர் விளக்கை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. உருண்டை சாய்ந்து நிற்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொறுங்கள். இது டிசம்பர்” என்று முணுமுணுத்தார். பிறகு உருண்டையை அப்படியே, சாய்வை மாற்றாமல், தூக்கிக்கொண்டு விளக்குக்கு மறுபக்கம் போய் வைத்தார். விளக்கையும் அந்தப் பக்கம் திருப்பினார். “இது ஜூன்.” எங்கள் நாட்டை வெளிச்சத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

குட்டையாக, ஆனால் தெளிவாக, தீக்குச்சியின் நிழல் தெற்கே விழுந்திருந்தது.

ரீச்சர் குனிந்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். நிமிர்ந்து அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு உரக்கச் சிரித்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிறேன், ஒருநாளும் உருண்டையை மறுபக்கம் கொண்டுபோகவில்லை என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அப்பா கேட்காமலே வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வீடு கீறினார். வடக்குத் தாவாரம், தெற்குச் சன்னல், கிணற்றடி. ரீச்சர் மாணவர்களின் சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, தாவாரம் எத்தனை அடி, ஓடு எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் இந்தத் தடவை எதையும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். கூட்டிக்கூடச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை அதிபர் வகுப்புக்கு வந்து போட்டி சமநிலை என்று அறிவித்தார். இரண்டு வகுப்பும் கொலோனுக்குப் போயின. சபீனா ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாள். எனக்குப் பேருந்தில் தலைசுற்றி அவளுடைய புதுச் சப்பாத்தில் சத்தி எடுத்ததால், அவள் என்னோடு இன்னும் ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது, அன்று பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவோடு திரும்பி நடந்ததுதான். அப்பா வேகமாக நடந்தார். வழியில் தெரியாத ஒரு கிழவருக்குத் தானாகவே டொச்சில் வணக்கம் சொன்னார்.

“அவ குனிஞ்சு பாத்திட்டு என்ன சொன்னவ?”

“சரி எண்டு சொன்னவ.”

“அப்பிடியில்லை. சொல்லுக்குச் சொல் சொல்லு.”

“‘நீங்கள் சொல்வது சரி’ எண்டு.”

“‘நீங்கள்’ எண்டோ சொன்னவ? பிள்ளை எண்டு இல்லையோ?”

“இல்லை. நீங்கள்தான்.”

அதை டொச்சில் எப்படிச் சொன்னார் என்று கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பாலத்தடியில் மறுபடி கேட்டார். சொன்னேன். எனக்காகத்தான், என்னுடைய புள்ளிக்காகத்தான் அப்பா இவ்வளவு சந்தோசப்படுகிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பல வருடங்கள் கழித்து, அப்பாவுக்குப் பின் அம்மாவும் காலமான பிறகு, அவர்களுடைய வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அப்பாவின் அகதி விசாரணைப் பதிவைக் கண்டேன். ஒன்பது பக்கம். உங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும், வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியிருந்தார். அந்தத் தூரமும் திருப்பமும் எனக்கும் தெரியும். எல்லாம் சரியான விடைகள். கடைசிப் பக்கத்தில், இவர் கூறியவை நம்பத்தக்கவையாக இல்லை என்று தட்டச்சில் இருந்தது. திகதியைப் பார்த்தேன். போட்டிக்கு ஆறு வாரம் முன்பு.

அன்று எனக்கு அது எதுவும் தெரியாது. ஹைமின் வாசலுக்கு வந்ததும் அப்பா நின்றார். “இன்னொருக்காச் சொல்லு பிள்ளை, அவ என்ன சொன்னவ?” என்றார். எனக்கு அலுத்துவிட்டது, பசியும் எடுத்தது. “எத்தினை தரம் அப்பா?” என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடிவிட்டேன்.