கீழ்க் கொக்கி

கொடிக்கயிற்றின் மேல் கொக்கியை மாட்டியதும் கிளிஃப்டன் போர்ட்லி கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். அவர் வேலை அவ்வளவுதான். மேரிலாந்து மாநிலக் கொடியின் மேல் மூலை மஞ்சளும் கறுப்பும். கீழ் மூலை சிவப்பும் வெள்ளையும். கீழ்க் கொக்கி டேல் மெரிக்குடையது. இருவரும் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் தொண்டர்களாகச் சேர்ந்த நாளிலிருந்து காலைதோறும் இப்படித்தான்.

"உன் பக்கத்த நீ மாட்டு."

"தொட்டா ஒட்டிக்குமாக்கும்?"

"எங்க எள்ளுத்தாத்தா முதுகப் பாத்திருந்தா கேட்டிருக்க மாட்ட."

கிளிஃப்டனின் அந்த எள்ளுத்தாத்தா, மெரிக் குடும்பத்துக் கோதுமைப் பண்ணையில் அடிமை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மேரிலாந்து வடக்கை விட்டு விலகவில்லை. அதன் பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும் போனார்கள். எள்ளுத்தாத்தா நீலச் சட்டை மாட்டி வடக்கின் கறுப்பர் படையில் சேர்ந்தார். பண்ணைக்காரர் மகன் தெற்கின் பக்கம் போனவர்களின் சிவப்பு வெள்ளைச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு, ஆற்றைக் கடந்து தெற்குக்காகப் போனான். போர் ஓய்ந்து வெகுகாலம் கழித்து, வடக்கோடு நின்றவர்களின் மஞ்சள் கறுப்பையும் அந்தச் சிவப்பு வெள்ளையையும் ஒரே துணியில் சேர்த்துத் தைத்தார்கள். இன்று ஊரில் காலுறையிலும் அந்தக் கொடிதான், நாயின் கழுத்துப்பட்டையிலும் அதுதான். கிளிஃப்டன் மட்டும் அதன் சிவப்பில் விரல் வைத்ததில்லை.

மற்றபடி விறைப்பான ஆளல்ல. நண்டு விருந்தில் டேலுக்கு ஓடு உடைக்க வராது. கிளிஃப்டன் சதையைப் பிரித்து அவர் பக்கம் தள்ளுவார். "பண்ணக்காரன் பேரனுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டியிருக்கு பாரு."

குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து டேலுக்கு வலக்கையும் காலும் விழுந்துவிட்டன. கம்பம் வெறுமையாக நின்றது. "நான் மாட்டட்டுமா?" என்று ஆம்புலன்ஸ் ஓட்டும் ரோண்டா கேட்டாள்.

"அதுக்கு ஆள் இருக்கு" என்றார் கிளிஃப்டன்.

அந்த ஆளோ வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு அங்க வந்து என்னத்தக் கிழிக்க?" கிளிஃப்டன் தினமும் போய் எதிரே உட்கார்ந்து, வசவு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

போன வாரம் சக்கர நாற்காலி நிலைய வாசலுக்கு வந்தது. கிளிஃப்டன் மேல் கொக்கியை மாட்டினார். "உன் பக்கத்த நீ மாட்டு."

டேல் இடக்கையால் கொக்கியைப் பிடித்தார். துணியைப் பிடிக்க இன்னொரு கை இல்லை. காற்று மூலையைப் பறித்துக்கொண்டு போனது. மறுபடியும் போனது. டேல் தலை குனிந்துகொண்டார். ரோண்டா ஓரடி முன்னே வைத்தாள்.

கிளிஃப்டனின் கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, சிவப்பு மூலையை எட்டிப் பிடித்து, கொக்கிக்கு நேராக நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்.