மட்டம் பார்த்த வண்டியில் மேல்மலையனூருக்கு

சென்ற பங்குனி அமாவாசையன்று புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கும், அங்கிருந்து மேல்மலையனூருக்கும் போய்வந்தேன். எழுபத்து மூன்று வயதில் அமாவாசைக் கூட்டத்துக்குள் போவதற்கு ஏதாவது காரணம் வேண்டும். என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கலையரசி சொந்தமாகப் பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறாள். வில்லியனூர் பக்கம் கன்றுகள் விற்கும் பண்ணை வைத்திருப்பவள். வண்டிக்கு அங்காளம்மன் சன்னதியில் பூஜை போட வேண்டும், அதற்கு நானும் வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செஞ்சிக் கோட்டையை மறுபடி பார்க்கலாம் என்று நானும் சம்மதித்தேன்.

கோட்டைக்கும் கோயிலுக்கும் போகிறவர்களுக்குத் தேவையான தகவல் கீழே இருக்கிறது. ஆனால் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களும், அதன் முன்பக்கத்தை உயர்த்தி மட்டமாக்க நினைப்பவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். அன்று முழுக்க என்னை விடாமல் துரத்தியது அதுதான்.

காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். ஐந்து பேர் உட்காரும் வண்டி, பின்னால் திறந்த தொட்டி. அதில் எட்டு மூட்டை மண்புழு உரமும் நாற்பது தென்னங்கன்றும் இருந்தன. எல்லாம் செஞ்சியை அடுத்துள்ள அவள் அப்பாவின் நிலத்துக்கு. அரை டன்னுக்கு மேல் இருக்கும். நாற்பது வருடம் கார் ஓட்டியவள் நான். என் கணவர் காலமான பிறகு நீண்ட தூரம் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் ஓட்டும்போது சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் இன்னும் பழகவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்தன.

“இன்னா மேடம், எல்லாரும் லைட்டு அடிக்கறாங்க? வண்டி சூப்பரா இருக்குதுன்னா?” என்றாள் கலை.

“ஹைபீமில் போகிறாயா?”

“இல்ல மேடம், டிம்லதான் இருக்குது.”

சாலையைப் பார்த்தேன். எங்கள் வெளிச்சம் தார் மேல் விழவில்லை. புளியமரங்களின் கிளைகளில் விழுந்துகொண்டிருந்தது.

திண்டிவனம் புறவழிச்சாலையில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னேன். அதுவரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். கலை டீ வாங்கப் போனதும் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தேன். மூக்கு மேலே தூக்கியிருந்தது. பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது நேர்மாறாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது முன்பக்கம்தான் தாழ்வு.

டீயோடு வந்த கலை பெருமையாகச் சொன்னாள். அவள் அப்பா ஏழுமலை கட்டட மேஸ்திரி. வண்டியைப் பார்க்க வந்தவருக்கு அது தலை குனிந்து நிற்பது பொறுக்கவில்லை. மேஸ்திரிகள் தரை மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்களே, அந்த டியூபை எடுத்துவந்து முன்சக்கர வளைவிலும் பின்சக்கர வளைவிலும் பிடித்துப் பார்த்திருக்கிறார். முன்பக்கம் இரண்டரை அங்குலம் இறக்கம். லேத்தில் கொடுத்து இரண்டு இரும்பு வளையம் கடைந்து, ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங்குக்கு மேல் வைத்து இறுக்கச் சொல்லிவிட்டார்.

“இப்ப டியூபு வெச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒண்ணா நிக்கும் மேடம். குனிஞ்ச வண்டில போனா வாழ்க்கை எறக்கமாயிடும்னு நைனா சொல்லுச்சு.”

கான்வென்ட்டில் ‘நிமிர்ந்து உட்கார்’ என்பதைத் தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். தலை குனிந்து நிற்பதை வெறுக்கும் மேஸ்திரியின் மனம் எனக்குப் புரியாமல் இல்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலையின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேரான சாலையில்கூட ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே இருந்தாள். பேருந்து ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது அதன் காற்றிலேயே முன்பக்கம் அசைந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் ‘டங்’ என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பூ மாதிரி இருக்குது மேடம். ஒரு வெரல்ல திருப்பலாம்.”

பூ மாதிரி இருக்கவே கூடாது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் கனம் இருக்க வேண்டும். முன்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிப்பது அந்தக் கனத்தில்தான் கைக்குத் தெரியும்.

ஏழு மணிக்கு அவள் அப்பா வீடு சேர்ந்தோம். மூட்டைகளை இறக்கியதும் நான் கேட்டுக்கொண்டதால் கலை வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். இங்கே நான் நியாயமாக எழுத வேண்டும். காலி வண்டி ஓட்டத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது, குண்டும் குழியுமான ஏரிக்கரைப் பாதையில் முன்பக்கம் தட்டுவதில்லை. வேகத்தடையில் கேட்கும் ‘டங்’ சத்தம் மட்டும் போகவில்லை. பாரம் ஏறினால்தான் வண்டியின் குணம் மாறுகிறது. அன்று மாலை அந்த வண்டியில் ஏறப் போகிற பாரம் எது என்று எனக்கு அப்போது தெரியாது.

காலையில் கோட்டை. நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி ஏறுகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு மேலே விட மாட்டார்கள். கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். நான் மலை ஏறவில்லை. கல்யாண மகாலின் கீழ்த்தளத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். கண் எதிரே அத்தனை பெரிய மலை. என் மனம் மட்டும் இரண்டு இரும்பு வளையங்களையே சுற்றிக்கொண்டிருந்தது.

மதியம் வீட்டுக்குத் திரும்பினால் வாசல் நிறைய உறவினர்கள். குழந்தைகளையும் சேர்த்துப் பதினான்கு பேர். பொங்கல் அண்டாக்கள், அரிசி மூட்டை, ஒரு வண்டி விறகு. எல்லாமும் எல்லோரும் அந்தப் பிக்கப்பின் தொட்டியில் மேல்மலையனூர் போவதாக ஏற்பாடு. தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு என்றேன். கலையின் தாய்மாமன் சேகர் அண்டா மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“அப்டிப் பாத்தா இன்னைக்குப் பாதி மாவட்டமே ஜெயில்ல இருக்கணும் மேடம்.”

“மேடம் ஏசில போயி பழக்கம், பாவம்” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

அவர்களோடு போவதை நான் கௌரவக் குறைவாக நினைப்பதாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது. வலித்தது. ஆனாலும் என் கவலை அதுவல்ல. இந்த வண்டியைக் கலை வாங்கியபோது, பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதாதா என்று கேட்டவர் இதே சேகர். அவர் எதிரில் ‘இந்த வண்டி பாரம் ஏற்றினால் ஆபத்து’ என்று நான் சொன்னால் கலை காலமெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். மேஸ்திரிக்கும் தலைகுனிவு. சொல்லாமல் இருந்தால் அந்தக் குழந்தைகள் தொட்டியில் ஏறிவிடுவார்கள். காலை உரத்தைவிட இந்தப் பாரம் இரண்டு மடங்கு. அது வண்டியின் கடைசியில், அதுவும் நின்றுகொண்டு, அசைந்துகொண்டு.

விறகும் அண்டாக்களும் அரிசியும் ஏறிக்கொண்டிருந்தன. மேஸ்திரி கிணற்றடியில் கை கழுவுவதைப் பார்த்து அங்கே போனேன்.

“மேஸ்திரி, ஒரு சந்தேகம். மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது பலகையை அப்படியே மட்டமாகத்தான் வைப்பீர்களா?”

“அதெப்படிம்மா? நடுவுல கொஞ்சம் தூக்கித்தான் குடுக்கணும். கான்கிரீட்டு ஏறுனா வெயிட்டுக்குப் பலகை எறங்கும் இல்ல. அப்பதான் மட்டத்துக்கு வந்து உக்காரும்.”

“முதலிலேயே மட்டமாக வைத்தால்?”

“தொங்கிப்பூடும். தளத்துல தண்ணி நிக்கும்.”

“வண்டி செய்தவர்களும் பின்பக்கத்தை அப்படித் தூக்கித்தான் கொடுத்திருப்பார்கள். பாரம் ஏறினால் உட்காருவதற்காக.”

 கை கழுவிய தண்ணீர் அவர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த டியூபை எடுத்துவந்தார்.

ஒரு முனையைக் கலையிடம் கொடுத்துப் பின்சக்கர வளைவில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அவர் முன்னால் பிடித்தார். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. பின்பக்கம் நான்கு விரல் தாழ்வு. ஆட்கள் இன்னும் ஏறவே இல்லை. கலை அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். காலையில் லாரிக்காரர்கள் ஏன் விளக்கு அடித்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“காலி வண்டிக்கு மட்டம் பாத்துட்டேன்” என்றார் மேஸ்திரி, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி. “கழட்டலாம்னா அமாவாசைக்குப் பட்டறை எல்லாம் லீவு. ஸ்பிரிங்கு அமுக்கற கருவி நம்மகிட்ட இல்ல.”

பிறகு அவர் டியூபைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“ஜனங்கல்லாம் ஸ்பெஷல் பஸ்ல வாங்க. புது வண்டில மொதோ மொதோ படையல் சாமான்தான் போவணும். ஆளு ஏறக்கூடாது.”

“இது யாரு சொன்னது மாமா?” என்றார் சேகர்.

“எங்க நைனா.”

“உங்க நைனா செத்து முப்பது வருசம் ஆவுது.”

“நேத்து கனவுல வந்து சொன்னாரு. உனக்கு வேணும்னா இன்னைக்கு ராத்திரி உன் கனவுக்கு அனுப்பறேன், கேட்டுக்க.”

எல்லோரும் சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், செருப்பைத் தேடினார்கள். ஏறக்கூடாது என்று சாமி பேரால் சொன்ன பிறகு ஒருவரும் ஏற மாட்டார்கள். என் சட்டத்தால் முடியாததை அந்தக் கனவு முடித்தது. விறகைக் கோயிலிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இறக்கினோம். அரிசியையும் அண்டாக்களையும் தொட்டியின் கடைசியிலிருந்து இழுத்து, உட்காரும் அறையின் முதுகோடு ஒட்டி வைத்துக் கட்டினோம். மூக்கு கொஞ்சம் இறங்கியது. முன்னிருக்கையை எனக்குத் தந்தார்கள். “நீங்கதான் மேடம் முன்பக்க வெயிட்டு” என்றாள் கலை. சொல்லிவிட்டு, கட்டிய கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். நாற்பதுக்கு மேல் போக வேண்டாம் என்றேன், அவளும் போகவில்லை. சிறப்புப் பேருந்துகள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொன்றாகத் தாண்டின. ஒன்றின் சன்னலிலிருந்து சேகர் கை காட்டினார். ஒரு வளைவில், திருப்பிய பிறகும் வண்டி ஒரு நொடி நேராகவே போனது. அப்புறம்தான் திரும்பியது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர்.  பின்னிருக்கையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டார்.

அமாவாசையன்று வண்டிகளைக் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். பூசாரி அங்கே வந்து மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கலை மெல்ல வண்டியை நகர்த்தினாள். முன்சக்கரத்துக்கு அடியில் பழம் நசுங்கிய சத்தம் கேட்டபோது அன்று முதல் தடவையாக மூச்சை நன்றாக விட்டேன். இருட்டுவதற்குள் காலி வண்டியோடு செஞ்சி திரும்பிவிட்டோம். நள்ளிரவில் நடக்கும் அம்மனின் ஊஞ்சல் உற்சவத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பதினான்கு பேரும் காலையில் பேருந்தில் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் திருவண்ணாமலை சாலையில் ஒரு பட்டறையில் வளையங்களைக் கழற்றி, சக்கரங்களின் கோணத்தையும் விளக்கின் உயரத்தையும் சரிபார்த்தோம். வளையம் போட்டபோது கோணம் பார்க்கவே இல்லையாம். இரண்டு மாதத்தில் முன் டயர்களின் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. அந்த ‘டங்’ சத்தத்துக்கும் காரணம் தெரிந்தது. வளையத்தால் சக்கரம் ஏற்கனவே கீழே தள்ளப்பட்டிருக்கிறது, வேகத்தடையில் இன்னும் இறங்க இடமில்லாமல் கடைசிக்குப் போய் இடிக்கிறது.

பாரமே ஏற்றாதவர்கள், ஏரிக்கரையிலும் மண் பாதையிலும் ஓட்டுகிறவர்கள் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் அதே நாளில் சக்கரக் கோணத்தையும் விளக்கையும் சரிசெய்துவிடுங்கள். சரக்கு ஏற்றுகிறவர்கள் தொடவே வேண்டாம். ஏற்கனவே செய்திருந்தால், வழக்கமான பாரத்தை ஏற்றி, மாலையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் எதிரே நிற்கிறவர் கண்ணுக்குப் போகிறதென்றால் அந்த வண்டியில் கிளம்பாதீர்கள். மேல்மலையனூருக்குச் செஞ்சியிலிருந்து அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்துகள் நிறைய இருக்கின்றன. மதியமே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “எழுதுங்கம்மா, ஆனா கனவு விசயத்த சேகர் படிக்கறதுக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க” என்றார்.

பட்டறை வாசலில் அந்த இரண்டு வளையங்களையும் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் பழையபடி தாழ்ந்திருந்தது. அவர் டியூபை எடுக்கவில்லை.

“குனிஞ்சுதான் இருக்குது” என்றார். பிறகு, “இருக்கட்டும். பாரம் ஏத்துனா தானா நிமிந்துக்கும்” என்று சொல்லிப் பின்னிருக்கைக் கதவைத் திறந்து ஏறினார்.