சிவப்பு எழுத்தில் வந்த பதில்

என் மகள் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தின் கொம்பியூட்டர் வேலையைப் பார்க்கிறாள். எந்த வட்டைக்கு, எந்த வயல்வெளிக்கு, எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வயல்காரர்களின் போனுக்குச் செய்தி போகும். அதற்கான புரோகிராம் யாரோ முன்னொரு காலத்தில் எழுதிக் கொடுத்தது. பழைய கொம்பியூட்டர் பழுதாகிப் புதியது வந்தபோது, அதில் அந்தப் புரோகிராம் ஓடவில்லை.

"இண்டைக்குப் பொழுது படுறதுக்குள்ள ஓடாட்டி, வேலைய டவுண்ல ஒராளுக்குக் குடுக்கப் போறாங்களாம்" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் வேலை செய்யும்போது கிட்டப் போகக் கூச்சம். அன்று தேத்தண்ணியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். திரையில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது.

"என்னகா, ஏசுதா?"

"இல்லம்மா, சொல்லித் தருது. இது பழைய முறையில எழுதினது. இப்ப இந்த இடத்தில அடைப்புக்குறி போடணுமாம். இப்பிடி எழுதத்தானே நினைச்சீங்க எண்டு கேட்டு, சரியானதையும் காட்டுது."

எனக்குக் களவெட்டி ஞாபகம் வந்தது. சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் அந்த இடத்தில் வீட்டில் பேசும் சொற்கள் ஆகாது. பேசினால் நெல்லைப் பூதம் கொண்டு போய்விடும் என்பார்கள். நெல் அள்ளும் ஓலைப் பெட்டியான கடகத்துக்கு அங்கே பெருவாயன் என்று பெயர். சிறு வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போன நான் கடகம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் அங்கே வாய் திறந்ததே இல்லை.

"மெசினுக்குப் பழசு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கென்ன தெரியும். புரோகிராம் எழுதுற மொழிய மாத்தினாக்கள், பழைய பழக்கத்தோட ஆரும் வருவாங்க எண்டு நினைச்சு எழுதி வெச்சிருக்காங்க."

அதை எழுதினவர்கள் எந்த நாட்டில் இருந்தார்களோ. இந்த வாவிக்கரையை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பிழையோடு ஒருத்தி வந்து நிற்பாள் என்று நினைத்து, அவளுக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைத் திருத்தினால் அடுத்த சிவப்பு வரி வந்தது. அதுவும் அதே பொறுமையோடு சொன்னது. மகளுக்குத்தான் பொறுமை போய்க்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் என் போன் சத்தம் போட்டது. எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாளைக் காலை எங்கள் வட்டைக்குத் தண்ணீர்.

"வந்திட்டாம்மா?"

"ஓம், வந்திட்டு."

அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். கேட்கவா விடவா என்று தயங்கிக் கேட்டேன்.

"அந்தச் சிவப்பு எழுத்த இன்னொருக்காக் காட்டேலுமா?"

"பிழை இல்லாட்டி அது வராதம்மா."

"அப்ப ஒரு பிழை விடுகா."

சிரித்துக்கொண்டே முன்பு போட்ட அடைப்புக்குறிகளை அழித்தாள். திரும்பவும் வந்தது, முதலில் சொன்ன அதே சொற்களோடு.